நள்ளிரவுக்குப் பின் சாலை விளக்கை அணைக்கலாமா? விபத்தும் ஒளிமாசும் குறித்த ஆய்வுகள் சொல்வது என்ன

இங்கிலாந்தின் மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலைகளைப் பராமரித்துவந்த நெடுஞ்சாலை முகமை, 2009ஆம் ஆண்டு முதல் அவற்றின் சில பகுதிகளில் நள்ளிரவு 12 மணியிலிருந்து அதிகாலை 5 மணி வரை விளக்குகளை அணைத்துவைக்கத் தொடங்கியது. 2011இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி அரசு, தன் நெடுஞ்சாலைகளில் பெரும்பாலானவற்றில் இரவு முழுவதும் விளக்கெரிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. 2013இல் நெதர்லாந்தும் தன் நெடுஞ்சாலைகள் பலவற்றில் இரவு 11 மணிக்குப் பிறகு விளக்குகளை அணைத்தது. பிரான்சில் ஆயிரக்கணக்கான சிற்றூர்களில் நள்ளிரவுக்குப் பின் தெருவிளக்கு எரிவதில்லை. இருட்டில் விபத்துகள் கூடிவிடாதா என்ற அச்சமும், மின்சாரம் மிச்சமாகும், வானம் தெளியும் என்ற நம்பிக்கையும் இந்த நாடுகள் எல்லாவற்றிலும் ஒருசேர எழுந்தன. இரு தரப்பாருமே தத்தம் வாதத்துக்கு ஆதாரமாக ஆய்வு முடிவுகளைக் காட்டுகிறார்கள் என்பதுதான் இந்த விவாதத்தில் பொதுமக்களைக் குழப்புவது.

அணைக்கக் கூடாது என்போர் காட்டுவது, நார்வே ஆய்வாளர் ரூன் எல்விக் 1995இல் வெளியிட்ட தொகுப்பாய்வை. முன்பு நடந்த 37 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அவர், விளக்கில்லாத சாலையில் விளக்குப் போட்டால் இரவு நேர உயிரிழப்பு விபத்துகள் சுமார் 65 சதவீதமும், காயம் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 30 சதவீதமும் குறைவதாகக் கணக்கிட்டார். அணைக்கலாம் என்போர் காட்டுவது, லண்டன் சுகாதாரம் மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வை. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 62 உள்ளாட்சி அமைப்புகளில் 2000 முதல் 2013 வரையிலான விபத்து விவரங்களைப் பரிசீலித்த அந்த ஆய்வு, விளக்கை முழுமையாக அணைத்ததாலோ, பின்னிரவில் மட்டும் அணைத்ததாலோ, மங்கச் செய்ததாலோ சாலை விபத்துகள் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. ஒன்று 65 சதவீதம் என்கிறது, மற்றொன்று மாற்றமே இல்லை என்கிறது. இவற்றில் ஏதோ ஒன்றுதான் சரியாக இருக்க முடியும் என்று எடுத்துக்கொள்வதே தவறு என்பது என் கருத்து. இரண்டும் வெவ்வேறு சாலைகளை, வெவ்வேறு மணி நேரங்களை, வெவ்வேறு மனிதர்களைப் பற்றிப் பேசுகின்றன.

முதலில், விளக்குகள் எதற்காக அணைக்கப்பட்டன என்பதைப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் காரணம் விண்மீன்கள் அல்ல, மின்கட்டணம். 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின் பிரிட்டனின் உள்ளாட்சிகளுக்கு வரும் மானியம் வெட்டப்பட்டபோது, தெருவிளக்குச் செலவு எளிதில் கைவைக்கக்கூடிய இனமாக இருந்தது. அங்கே 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி சாலைக்கு விளக்கு அமைக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அமைத்தே தீர வேண்டும் என்ற கடமை கிடையாது. எனவே அணைப்பதற்குச் சட்டத் தடை எதுவும் இருக்கவில்லை. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி ஐரோப்பாவில் மின்விலை ஏறியபோதும் இதே காட்சி அரங்கேறியது. முன்பு தயங்கிய பல ஊர்கள் அந்தக் குளிர்காலத்தில் விளக்கணைப்புக்கு வந்தன. பெல்ஜியத்தின் நெடுஞ்சாலைகள், விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் தனியாகத் தெரியும் அளவுக்கு ஒளிவெள்ளமாக இருந்தவை. அந்நாட்டின் ஒரு பகுதி அரசே வழக்கத்தை மாற்றிக்கொண்டதால்தான் ஃபிளாண்டர்ஸின் முடிவு மற்ற நாடுகளிலும் கவனிக்கப்பட்டது.

அணைக்கும் முறையும் நாம் நினைப்பதுபோல் ஒருவர் போய் சுவிட்சை இறக்குவதல்ல. பிரிட்டனின் பல ஊர்களில் ஒவ்வொரு விளக்கின் தலையிலும் ஒளியுணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இருட்டியதும் விளக்கை ஏற்றி, விடிந்ததும் அணைக்கும் அந்தச் சிறு கருவி, பின்னிரவு அணைப்புக்கென்று செய்யப்பட்டதாக இருந்தால், முந்தைய இரவுகளின் அந்திக்கும் விடியலுக்கும் நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, அதையே நள்ளிரவாகக் கொண்டு தானே அணைந்துவிடும். அதற்குக் கடிகாரம் கிடையாது. அது அறிந்தது சூரியனின் நள்ளிரவை மட்டும்தான். கோடையில் நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும்போது விளக்குகள் அணையும் நேரம் ஒரு மணி நேரம் மாறித் தோன்றுவது இதனால்தான். புதிய எல்.இ.டி. விளக்குகளிலோ, அலுவலகத்திலிருந்தபடியே ஒவ்வொரு கம்பத்தின் ஒளியளவையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

இரவில் ஓட்டுநரின் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதிலிருந்து விபத்துக் கணக்கைத் தொடங்குவதே முறை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டரைக் கடந்துவிடுகிறது. எதிரே ஏதோ இருப்பதைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 42 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு இன்னும் 55 மீட்டராவது வேண்டும். ஆக மொத்தம் ஏறக்குறைய 100 மீட்டர். ஆனால் முகப்பு விளக்கை லோ பீமில் வைத்து ஓட்டும்போது, கறுப்பு உடை அணிந்த ஒருவர் சாலையோரம் நடந்துபோனால் அவர் தெளிவாகத் தெரிவது 50 மீட்டர் அளவிலோ அதற்கும் அருகிலோதான். எதிரே வண்டி வராத சாலையில் ஹை பீம் போட்டு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பலாம். போக்குவரத்து மிகுந்த, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் அதுவும் முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டராக வேகத்தைக் குறைத்தால் நிற்கும் தூரம் 45 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது, அதாவது லோ பீமின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இருட்டான சாலையின் பாதுகாப்பு என்பது இந்த இரண்டு தூரங்களுக்கு இடையிலான உறவுதான்.

சாலை விளக்கு இந்த இடைவெளியை நிரப்பும் விதமும் தனி வகையானது. முகப்பு விளக்கு ஒரு பொருளின் மேல் ஒளியை விழச்செய்து, இருண்ட பின்னணியில் அதை வெளிச்சமாகக் காட்டுகிறது. உயரத்திலிருந்து விழும் சாலை விளக்கோ தரையை ஒளிரச்செய்து, அந்த வெளிச்சமான தரைக்கு எதிரே பொருளை நிழலுருவாகக் காட்டுகிறது. நிழலுருவாகத் தெரியும் மனிதரை 150, 200 மீட்டர் தொலைவிலேயே அடையாளம் காணலாம். மோசமாக அமைக்கப்பட்ட விளக்குகளில், இவ்விரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பொருளும் தரையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும் திட்டுகள் சில உண்டாவதும் நடப்பதே. விளக்கு இருந்தால் போதும் என்று எண்ணாமல், எப்படிப்பட்ட விளக்கு, எந்த இடைவெளியில், எந்த உயரத்தில் என்று பார்க்க வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

யாருக்கு எந்த அளவு ஆபத்து கூடுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது, பெர் ஓலே வான்விக் என்ற நார்வே ஆய்வாளர் 1987 முதல் 2006 வரையிலான நெதர்லாந்தின் விபத்துப் பதிவுகளைக் கொண்டு செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு. நகருக்கு வெளியே உள்ள சாலைகளில், பகலோடு ஒப்பிட்டால் இருட்டில் காயம் ஏற்படுத்தும் விபத்துக்கான அபாயம், விளக்குள்ள இடங்களில் சராசரியாக 17 சதவீதமும் விளக்கில்லாத இடங்களில் 145 சதவீதமும் கூடுவதாக அவர் கணித்தார். நடந்து செல்வோரைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அந்தக் கூடுதல் அபாயம் விளக்குள்ள சாலையில் சுமார் 140 சதவீதம், விளக்கில்லாத சாலையில் சுமார் 360 சதவீதம். காரில் இருப்பவரைவிட, நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும்தான் சாலை விளக்கால் கூடுதலாகக் காப்பாற்றப்படுகிறார்கள். காருக்கு முன்னும் பின்னும் விளக்கு இருக்கிறது, நடப்பவருக்கு எதுவும் இல்லை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆனால் விளக்கணைப்பைப் பற்றிய விவாதம் 'ஓட்டுநர் பாதுகாப்பு' என்ற தலைப்பிலேயே நடப்பதால் இந்த உண்மை பின்னுக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு ஆய்வு மட்டும் ஏன் எந்தப் பாதிப்பையும் காணவில்லை? அந்த ஆய்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பதினான்கு ஆண்டுக் காலத் தரவு, தெருவாரியாக விளக்கு மாற்றிய விவரம், அந்தந்தத் தெருவின் முந்தைய நிலையோடு ஒப்பீடு என்று பொறுப்புடன் செய்யப்பட்ட வேலை அது. ஆனால் விளக்கணைத்த தெருக்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. ஆபத்தான சந்திப்புகள், பாதசாரிகள் கடக்கும் இடங்கள், முன்பு விபத்து நடந்த வளைவுகள் ஆகியவற்றில் விளக்கை விட்டுவைத்து, அமைதியான தெருக்களில்தான் நிர்வாகங்கள் அணைத்தன. பின்னிரவில் மட்டும் அணைத்த இடங்களில் அந்த நேரமும் நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரை, சாலையில் நடப்பவர் ஏறக்குறைய இல்லாத நேரம். பிரிட்டனின் குடியிருப்புப் பகுதிகளில் விளக்குக் கம்பங்கள் 200 கெஜத்துக்கு மிகாத இடைவெளியில் இருந்தாலே அது மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள சாலையாகிவிடும் என்பது அந்த ஆய்வுக் காலத்தில் அந்நாட்டுச் சட்டம். ஆகவே விளக்கணைந்த தெருக்களில் மிகப் பலவற்றில் வண்டிகள் மேலே சொன்ன லோ பீம் எல்லைக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்தில்தான் போயிருக்க வேண்டும். கவனமாகத் தேர்ந்தெடுத்து, போக்குவரத்து அடங்கிய நேரத்தில் அணைத்தால் பெருந்தீங்கு நேராது என்பதே அந்த ஆய்வு நமக்குச் சொல்வது. எந்தச் சாலையிலும் எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம் என்று அது சொல்லவில்லை. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை.

எல்விக்கின் 65 சதவீதத்தையும் அதே கவனத்துடன் படிக்க வேண்டும். அவர் தொகுத்த பழைய ஆய்வுகள், விளக்கே இல்லாத சாலையில் புதிதாக விளக்குப் போட்டபோது என்ன நடந்தது என்பதைப் பார்த்தவை. பல இடங்களில் விபத்துகள் திடீரென்று கூடிய பிறகே விளக்குப் போடப்பட்டிருக்கும். அப்படிக் கூடியவை விளக்கில்லாவிட்டாலும் ஓரளவு தாமாகவே குறைந்திருக்கும். சாலை விளக்கு பற்றிய ஆய்வுகளை 2009இல் மறுபரிசீலனை செய்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கையும், விளக்கு விபத்துகளையும் காயங்களையும் இறப்புகளையும் தடுக்கக்கூடும் என்று ஏற்றுக்கொண்டபோதே, ஆய்வுகளின் தரம் குறைவு என்பதையும் எடுத்துச் சொல்லியது.

விளக்கு ஓட்டுநரின் நடத்தையையும் மாற்றுகிறது. விளக்குப் போட்ட சாலையில் ஓட்டுநர்கள் சற்று வேகமாகப் போகிறார்கள், அவர்களுடைய கவனமும் சற்றுத் தளர்கிறது என்பதை 1999இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று காட்டியது. 'விளக்கை அணைத்தால் எல்லோரும் மெதுவாகப் போவார்கள், அதனால் விபத்து குறையும்' என்று வாதிடுவோர் இதை மேற்கோள் காட்டுவதுண்டு. அந்த வாதம் பாதிதான் சரி. வேகம் கூடினாலும், விளக்கினால் கிடைக்கும் நன்மையை அது முழுவதுமாகத் தின்றுவிடுவதில்லை. ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் பெரும்பகுதி விளக்கில்லாமலேயே இயங்குகிறது என்பது இன்னொரு பக்கம் நினைவில் கொள்ள வேண்டியது. ஆனால் அங்கே மனிதர் நடப்பதில்லை, குறுக்குச் சாலை இல்லை, எதிர்த்திசை வண்டிகள் தடுப்புக்கு அப்பால் போகின்றன, கோடுகளும் பிரதிபலிப்பான்களும் ஓட்டுநருக்குச் சாலையின் போக்கைத் தொலைவிலிருந்தே காட்டிவிடுகின்றன. சாலையின் நடுவே பதிக்கும் 'கேட்ஸ் ஐ' பிரதிபலிப்பானை இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா 1934இல் காப்புரிமை பெற்று அறிமுகப்படுத்தியது முதல், மின்சாரம் இல்லாமல் வழிகாட்டும் இந்த எளிய பொருள் எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்பதைக் கணக்கிட முடியாது. விளக்குக் கம்பமே ஓர் ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும்: கட்டுப்பாட்டை இழந்து சாலையை விட்டு விலகும் வண்டி ஓரத்தில் நிற்கும் கம்பத்தில் மோதி நொறுங்குவதுண்டு. அதனால்தான் மோதினால் வளைந்தோ முறிந்தோ கொடுக்கும் கம்பங்களை ஐரோப்பா தரப்படுத்தியிருக்கிறது.

அணைப்பதா எரியவிடுவதா என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்பதை நெதர்லாந்து 1990களிலேயே சோதித்துப் பார்த்தது. அதன் ஏ12 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில், வழக்கமான ஒளியளவை 100 என்று கொண்டு, போக்குவரத்தும் வானிலையும் மாறுவதற்கேற்ப அதை 20ஆகக் குறைத்தும் 200ஆகக் கூட்டியும் ஓட்டுநர்களின் வேகம், தடம் மாறுதல், விபத்து ஆகியவற்றை ஆராய்ந்தார்கள். வண்டிகள் குறைவாக, வானிலை நன்றாக இருக்கும்போது 20 சதவீத ஒளியே போதுமானதாக இருந்தது. 200 சதவீதமாகக் கூட்டியதால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் கிடைக்கவில்லை. வெளிச்சம் இரட்டிப்பானால் பாதுகாப்பும் இரட்டிப்பாகும் என்ற பொது நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை. அப்போது சோடியம் விளக்குகளை மங்கச் செய்வது செலவும் சிக்கலும் பிடித்த வேலை. எல்.இ.டி. வந்தபின் அது மிக எளிதாகிவிட்டது. ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் விளக்குகள் அந்தி முதல் விடியல் வரை ஒரே அளவில் எரிந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் எனக்கு உண்மையில் வருத்தம் தருவது.

இனி வானத்தின் பக்கம். ஃபேபியோ ஃபால்கியும் மற்றவர்களும் 2016இல் வெளியிட்ட உலக வரைபடத்தின்படி, உலக மக்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒளிமாசு படிந்த, அதாவது செயற்கை ஒளியால் வெளுத்துப்போன வானத்தின் கீழ் வாழ்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாது. கிறிஸ்டோபர் கைபா தலைமையிலான குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் விண்மீன்களைப் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு, வானத்தின் பின்னணி ஒளி சராசரியாக ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடிவருவதாக அது கண்டறிந்தது. 250 விண்மீன்கள் தெரியும் ஓர் இடத்தில் பிறக்கும் குழந்தைக்கு 18 வயதாகும்போது அங்கே ஏறக்குறைய 100தான் தெரியும் என்று அந்த வேகத்தை அவர்கள் விளக்கினார்கள். எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துவது உண்மை. ஆனால் ஒளி மலிவானதும் முன்பு விளக்கில்லாத இடங்களிலெல்லாம் விளக்கு முளைத்தது. அதன் வெண்ணொளியில் நீலம் மிகுதி. நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறுவதால் அதே அளவு வெளிச்சத்துக்கு வானம் கூடுதலாக வெளுத்துப்போகிறது. முதியோரின் கண்களில் அது கூச்சத்தையும் அதிகமாக்குகிறது. பழைய தாழழுத்த சோடியம் விளக்கின் ஒரே நிற மஞ்சள் ஒளியை வடிகட்டி விலக்கிவிட முடிந்ததால் வானியலாளர்கள் அதை விரும்பினார்கள். அந்த வசதி வெள்ளை எல்.இ.டி.யில் இல்லை.

உயிரினங்களுக்கு நேரும் கேடும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. தென் இங்கிலாந்தில் விளக்குள்ள, விளக்கில்லாத சாலையோரங்களை இணை இணையாக எடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. விளக்குள்ள இடங்களின் வேலிப்புதர்களில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதமும், புல்வெளி ஓரங்களில் 33 சதவீதமும் குறைவாக இருந்ததாக அது காட்டியது. வெள்ளை எல்.இ.டி. இருந்த இடங்களில் பாதிப்பு கூடுதல். சுவிட்சர்லாந்தில் 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், செயற்கை ஒளி பட்ட செடிகளுக்கு இரவில் வரும் மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது. பகலில் பூச்சிகள் வந்தும் அந்த இழப்பு ஈடாகாமல் காய்ப்பு 13 சதவீதம் குறைந்தது.

ஆனால் சாலை விளக்கை மட்டும் அணைத்துவிட்டால் வானம் மீண்டுவிடும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். அமெரிக்காவின் டூசான் நகரில் 2019இல் பத்து இரவுகள், மாநகராட்சியின் தெருவிளக்குகளை வெவ்வேறு அளவுகளில் எரியவைத்து, செயற்கைக்கோள் வழியாக நகரின் மொத்த ஒளியை அளந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் வானத்தை நோக்கிச் சென்ற ஒளியில் தெருவிளக்குகளின் பங்கு சுமார் 13 சதவீதம். வழக்கம்போல் மங்கச் செய்யாமல் விட்டிருந்தால் சுமார் 18 சதவீதமாக இருந்திருக்கும். மற்றதெல்லாம் விளம்பரப் பலகைகள், வணிக வளாகங்கள், வாகன நிறுத்துமிடங்கள், கட்டட முகப்புகள், வீடுகள். சாலை விளக்கு பொதுச் சொத்து என்பதால் அதை அணைப்பது நிர்வாகத்துக்கு எளிது, தனியாரைக் கட்டுப்படுத்துவது கடினம். அந்தக் கடினமான வேலையைச் சட்டத்தால் செய்யத் துணிந்த நாடு பிரான்ஸ். 2013 முதல் அங்கே கடைகளின் காட்சிச் சாளர விளக்குகள் நள்ளிரவு 1 மணிக்குள் அணைய வேண்டும். 2018 டிசம்பரில் வந்த ஆணை புதிய வெளிப்புற விளக்குகளின் நிற வெப்பநிலைக்கு (இந்த எண் கூடக்கூட ஒளியில் நீலம் மிகும்) 3000 கெல்வின் என்ற உச்சவரம்பையும், மேல்நோக்கிச் செல்லும் ஒளிக்கு ஒரு கட்டுப்பாட்டையும் விதித்தது. கிடைமட்டத்துக்குச் சற்று மேலே பாயும் ஒளியே நெடுந்தூரம் காற்றினூடே போய்த் தொலைவிலுள்ள வானத்தையும் கெடுக்கிறது என்பதால், விளக்கின் கூடு மேலே முழுவதும் மூடியிருப்பது, விளக்கை ஐந்து மணி நேரம் அணைப்பதைப் போலவே முக்கியமானது. மூடிய கூட்டினால் ஓட்டுநர் எதையும் இழப்பதில்லை, கண்கூச்சம் குறைவதால் நன்மையே பெறுகிறார்.

ஐரோப்பாவின் இந்த அனுபவத்தை அப்படியே இந்தியச் சாலைகளுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதே என் பதில். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள், ஏறக்குறைய 75,000 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. நம் நான்குவழிச் சாலைகள் ஊர்களை இரண்டாக வெட்டிக்கொண்டு போகின்றன. சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தமும் இருக்கும் ஊர்களில், இரவு கடைசிப் பேருந்தில் வந்திறங்குபவர் தடுப்பின் இடைவெளி வழியாகத்தான் கடக்கிறார். பின்பக்கப் பிரதிபலிப்பான் ஸ்டிக்கர் கிழிந்துபோன லாரி, பழுதாகி விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும். எதிர்த்திசையில் சைக்கிள் வரும், மாடு படுத்திருக்கும். எதிரே வரும் ஆம்னி பஸ் ஹை பீமை இறக்காது. வான்விக்கின் கணக்கில் விளக்கின்மை யாரைக் கூடுதலாகக் கொல்கிறது என்று கண்டோமோ, அவர்களேதான் நம் சாலைகளில் நிறைந்திருக்கிறார்கள். எனவே ஊர் எல்லைகளிலும் சந்திப்புகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் விளக்கை அணைப்பதற்கு, ஐரோப்பிய மோட்டார்வே ஆய்வு எதையும் ஆதாரமாகக் காட்டுவது தவறு. அவ்விடங்களில் பலவற்றில் இன்னும் விளக்கே இல்லை அல்லது இருந்தும் எரிவதில்லை என்பதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. நாட்டில் விபத்து மிகுதியாக நடப்பதும் மாலை 6 முதல் 9 மணி வரையிலான வேளையில்தான். அப்போது முழு ஒளி தேவை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

அதே தமிழ்நாட்டில், விளக்கை அணைத்தே ஆக வேண்டிய சாலைகளும் இருக்கின்றன. சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஏறக்குறைய 45 நாட்களுக்குப் பிறகு பொரிந்து வெளிவரும் குஞ்சுகள், அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும் இயல்புடையவை. இயற்கையில் அந்த வெளிச்சம் கடல். கடற்கரைச் சாலையில் உயர்கோபுர விளக்கு எரிந்தால், குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையை நோக்கிப் போய், நாயிடமும் வண்டிச் சக்கரத்திலும் மாட்டிக்கொள்கின்றன. 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருவதற்கு இந்த விளக்குகளும் ஒரு காரணம். ஆமைப் பருவத்தில் கடற்கரை உயர்கோபுர விளக்குகளைப் பின்னிரவில் அணைத்துவைக்கும் ஏற்பாட்டைச் சென்னை மாநகராட்சி செய்துவருவது வரவேற்கத்தக்கது. ஆனால் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுச் செய்விக்கும் தற்காலிக நடவடிக்கையாக அது இருப்பதைவிட, கடலை நோக்கிய பக்கம் மறைப்பு வைத்த, தாழ்வான, செம்மஞ்சள் நிற விளக்குகளை நிரந்தரமாக அமைத்தால், சாலையில் போகிறவருக்கும் வெளிச்சம் கிடைக்கும், ஆமைக்கும் இருட்டு கிடைக்கும். திருப்பத்தூர் மாவட்டத்தின் காவலூர் வான்நோக்கு நிலையத்தைச் சுற்றியுள்ள மலைச் சாலைகளுக்கும் இது பொருந்தும். 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான சான்றைப் பதிவுசெய்த இடங்களில் ஒன்று அது. லடாக்கின் ஹான்லேயில் 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது, சுற்றியிருந்த சிற்றூர்களை இருட்டில் தள்ளாமல், விளக்குகளுக்கு மறைப்பும் நிறக் கட்டுப்பாடும்தான் கொண்டுவரப்பட்டன.

பின்னிரவு அணைப்பினால் பாதிக்கப்படுகிறவர்கள் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு முகப்பு விளக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து வரும் செவிலியர், அதிகாலை 3 மணிக்குச் சந்தைக்குப் புறப்படும் காய்கறி வியாபாரி, தெரு கூட்ட வரும் தூய்மைப் பணியாளர் ஆகியோர்தான் அந்த நேரத்துச் சாலையின் உண்மையான பயனாளிகள். விபத்துப் புள்ளிவிவரத்தில் மாற்றம் தெரியாததற்கு, அஞ்சி வெளியே வராமல் இருந்துவிட்டவர்களும் ஒரு காரணமாக இருக்கலாம். வராதவர்களை எந்த விபத்துப் பதிவேடும் எண்ணுவதில்லை. இதனால்தான் குடியிருப்புத் தெருக்களைப் பொறுத்தவரை, முழுவதும் அணைப்பதைவிட 20, 30 சதவீதத்துக்கு மங்கச் செய்வதே நேர்மையான வழி என்று கருதுகிறேன். மனிதர் நடமாட்டமில்லாத, தடுப்பிட்ட விரைவுச்சாலைப் பகுதிகளில் முழு அணைப்பையும் தயக்கமின்றி ஏற்கலாம், கோடுகளும் பிரதிபலிப்பான்களும் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால்.

இந்த முடிவுகளை எடுப்பதற்கான நேரம், விளக்கு எரியத் தொடங்கிய பிறகு வருவதல்ல. 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் இந்தியாவில் 1.3 கோடிக்கும் மேற்பட்ட பழைய விளக்குகள் எல்.இ.டி.யாக மாற்றப்பட்டிருக்கின்றன. அன்று மாட்டியவற்றில் பல இனி ஆயுள் முடிந்து மாற்றத்துக்கு வரும். அப்போது நகராட்சியோ ஊராட்சியோ வெளியிடும் ஒப்பந்தப்புள்ளியில், வாட் அளவையும் விலையையும் தவிர வேறு சில வரிகளும் இடம்பெற்றாக வேண்டும்: நிற வெப்பநிலை 3000 கெல்வினுக்கு மிகக் கூடாது, கிடைமட்டத்துக்கு மேலே ஒளி போகக் கூடாது, ஒளியளவை நேரத்துக்கேற்பக் குறைக்கும் வசதி ஒவ்வொரு விளக்கிலும் இருக்க வேண்டும். இந்த வரிகள் இல்லாமல் வாங்கப்படும் விளக்கு, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தெருவில் முழு ஒளியில் எரியும் அல்லது முழுவதும் அணைக்கப்படும். வேறு எதையும் அதைக்கொண்டு செய்ய முடியாது.